போர் வரலாற்று நூலில் வரைபடமும் பின்னிணைப்பும் எவ்வளவு இருக்க வேண்டும்?

பழுப்பு ஏடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளாக எழுதிக்கொண்டிருந்த நூல் ஒருவழியாக முடிந்திருக்கிறது. ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மானிய 6-ஆம் படைக்கு விமானத்தில் சரக்கு கொண்டுபோக முயன்ற கதை. 1942 நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி, 1943 பிப்ரவரி 2-இல் நகரின் வடக்கே எஞ்சியிருந்த துருப்புகள் சரணடைவதோடு முடிகிறது. தெருச்சண்டை பற்றியும் அந்தப் படையின் தளபதி பவுலஸ் பற்றியும் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது ஓடுதளம், எரிபொருள், உறைந்துபோன எஞ்சின், ஒரு நாளைக்கு எத்தனை டன் இறங்கியது என்ற கணக்கு.

அந்தப் படை உயிரோடு இருக்கவே நாளொன்றுக்கு 300 டன் வேண்டும், ஒழுங்காகச் சண்டை போட 500 டன் வேண்டும் என்று பேசினார்கள். முடியும் என்று விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். களத்தில் இருந்த விமானப்படைத் தளபதிகள் ரிச்ட்ஹோஃபன், ஃபீபிக் இருவரும் முடியாது என்று ஆரம்பத்திலேயே எச்சரித்தார்கள். கடைசியில் இறங்கியது சராசரியாக நாளுக்கு 117 டன்தான். 300 டன் ஏன் 117 ஆனது என்பதைத்தான் நூல் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒரு பதிப்பகம் வெளியிடத் தயார் என்றது. ஆனால் மூன்று நிபந்தனை. பதினொரு வரைபடத்தை இரண்டாகக் குறைக்க வேண்டும். விமான இழப்பு, நாள்வாரி டன் கணக்கு, படைப்பிரிவுப் பட்டியல் அடங்கிய பின்னிணைப்பை மொத்தமாக எடுத்துவிட வேண்டும். அட்டையில் டைகர் டாங்கி படம், ‘பொது வாசகரை இழுக்கும்’ என்கிறார்கள்.

இந்த வகை நூல்களைத் தேடி வாங்கிப் படிப்பவர்கள் நீங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா? வேறு வழியில் கொண்டுவரலாமா? ஒரு போர் வரலாற்று நூலைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

திசைகாட்டி

நான் முதலில் பார்ப்பது வரைபடப் பட்டியலைத்தான். அது இல்லாத நூலை அப்படியே திரும்ப வைத்துவிடுவேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது.

பதிப்பாசிரியர்கள் பலர் வரைபடத்தைப் படம் மாதிரி அலங்காரம் என்று நினைக்கிறார்கள். போர் வரலாற்றில் வாதமே அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் நூலையே எடுத்துக்கொள்வோம். வளையத்துக்கு வெளியே இருந்த தாத்சின்ஸ்காயா தளத்திலிருந்து உள்ளே இருந்த பிதோம்னிக் ஓடுதளத்துக்கு நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிசம்பர் 24-இல் தாத்சின்ஸ்காயா பறிபோனதும் யுங்கர்ஸ் 52 சரக்கு விமானங்கள் சால்ஸ்க் தளத்துக்கு நகர்ந்தன. அங்கிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். தூரம் கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் சரக்கு குறையும், ஒரு பகலில் இரண்டாவது முறை போய்வருவது நடக்காது. இதை மூன்று பக்கம் எழுதலாம். இரண்டு அம்புக்குறியும் ஒரு அளவுகோலும் உள்ள அரைப்பக்க வரைபடம் அதைவிட நன்றாகச் சொல்லிவிடும். சோவியத் டாங்கிகள் மேற்கே நகர நகர, சுற்றிவளைப்புக்குள் ஒரு குண்டுகூட விழாமலே உள்ளே இருப்பவனின் ரொட்டி குறைந்தது. வாசகனுக்கு இது கண்ணில் பட வேண்டாமா?

அப்புறம், உரையில் பெயர் வரும் ஒவ்வோர் ஊரும் ஏதாவது ஒரு வரைபடத்தில் இருந்தே ஆக வேண்டும். பெரிய பெயர் பெற்ற நூல்களிலேயே இது நடப்பதில்லை. “படைப்பிரிவு இன்ன கிராமத்தைக் கைப்பற்றியது” என்று வரும், வரைபடத்தில் தேடினால் அந்தக் கிராமம் இருக்காது, ஆனால் உரையில் ஒரே ஒரு முறைகூட வராத நாலு ஊர் இருக்கும். வரைபடம் போட்டவர் உரையைப் படிக்கவில்லை, உரை எழுதியவர் வரைபடத்தைச் சரிபார்க்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பால்காக்களை மறக்காதீர்கள். அந்தப் புல்வெளி தட்டையாகத் தெரிந்தாலும் நடுவே ஓடும் அந்த ஆழமான ஓடைப்பள்ளங்களில்தான் தலைமையகம், மருத்துவமனை, குதிரைகள் எல்லாம் ஒளிந்திருந்தன. சமவெளியில் ஒரு தடித்த கோடு போட்டு ‘முன்னணி’ என்று எழுதினால் அங்கே ஒன்றுமே புரியாது. தரையின் ஏற்ற இறக்கத்துக்குச் சோவியத் பொதுப்படைத் தலைமையின் 1:1,00,000 வரைபடங்களை அடிப்படையாக எடுங்கள்.

பதினொன்றில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

அச்சகத்தான்

திசைகாட்டி சொல்வது நியாயம்தான். ஆனால் பதிப்பகத்தார் ஏன் வெட்டச் சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு பேசினால் அவர்களோடு வாதாட வசதியாக இருக்கும். புத்தக வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

வரைபடத்தில் செலவு அச்சில் இல்லை, வரைவதிலும் திருத்துவதிலும்தான். ஓர் ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் உரையில் மாறினால் வரைபடத்திலும் மாற வேண்டும். பதினொரு வரைபடம் என்றால் பதினொரு இடத்தில் தவறு புகுந்துவிட வாய்ப்பு. பொறுமையான வரைகலைஞர் கிடைப்பதும் கஷ்டம். இதை அவர்கள் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் வேலையை நீங்களே பாதி குறைத்துக் கொடுக்கலாம். எல்லா வரைபடத்துக்கும் ஒரே அடித்தளம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு, ரயில்பாதை, நகரம், ஓடுதளம் எல்லாம் ஒரே கோப்பில் தனித்தனி அடுக்காக இருக்கட்டும். தேதிக்கேற்ப முன்னணிக் கோடும் அம்புக்குறியும் மட்டும் மாறும். வண்ணம் வேண்டாம். கறுப்பில் மூன்று நான்கு சாயல் போதும், ஆனால் அந்தச் சாயல்கள் அச்சில் பிரிந்து தெரிகிறதா என்று உண்மையான தாளில் ஒரு ப்ரூஃப் எடுத்துப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரியும் இளஞ்சாம்பல், சொரசொரப்பான தாளில் காணாமல் போய்விடும்.

இரண்டு பக்கத்துக்கு விரியும் வரைபடத்தைத் தவிர்த்துவிடுங்கள். தையலில் நடுப்பகுதி மாட்டிக்கொள்ளும். எப்போதும் சரியாக அந்த இடத்தில்தான் முக்கியமான ஊர் இருக்கும். பெரிய வரைபடம் கட்டாயம் வேண்டும் என்றால், கெட்டி அட்டைப் பதிப்பில் அட்டையின் உள்பக்கத்து ஒட்டுத்தாளில் போடுங்கள். வாசகர் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அட்டையைத் திறந்து பார்த்துவிடலாம்.

பக்கக் கணக்கு: 16 பக்கம் ஒரு ஃபாரம். உங்கள் நூல் 20 ஃபாரமும் மூன்று பக்கமும் வந்தால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போகும். பின்னிணைப்பை அந்த மிச்சப் பக்கத்தில் அடக்க முடிகிறதா என்று பாருங்கள். “உங்களுக்கு ஒரு தாள்கூடக் கூடுதல் இல்லை” என்று கணக்கோடு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நீங்களே வெளியிடுவதும் ஒரு வழிதான். இருப்பு தேங்காது, அவ்வப்போது திருத்தலாம். ஆனால் ஒட்டுத்தாள் வரைபடத்தை அதில் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது, பழைய புகைப்படங்களும் சற்று மங்கலாகவே வரும். இந்த நூல் பல வருடம் கையில் வைத்துப் புரட்டப்படும் வகை. முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்து, பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கைக்குச் சற்று மேலே ஆஃப்செட்டில் அடிப்பதுதான் என் யோசனை.

ஆவணக்காரி

பின்னிணைப்பை எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. மற்ற நூல்களுக்கு எப்படியோ, இந்த நூலுக்கு அது உயிர்நாடி. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மானிய விமானப்படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945-இல் அவர்களாலேயே எரிக்கப்பட்டது. தரைப்படையின் போர் நாட்குறிப்புகள் பிடிபட்டு அமெரிக்காவில் மைக்ரோஃபிலிம் ஆன மாதிரி இந்தப் பக்கம் நடக்கவில்லை. அதனால் விமானப் போக்குவரத்து பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். போருக்குப் பின் அமெரிக்க விமானப்படைக்காக முன்னாள் ஜெர்மானிய அதிகாரிகள் எழுதிக்கொடுத்த ஆய்வுகள் அவை. சரக்கு விமானங்கள் பற்றிய ஆய்வு 1961-இல் வெளிவந்தது. எழுதியவர் ஃப்ரிட்ஸ் மோர்ட்சிக், அந்தப் போக்குவரத்துப் பிரிவிலேயே உயர் பொறுப்பில் இருந்தவர். அவர் தரும் விவரங்கள் மதிப்புள்ளவைதான். ஆனாலும் தோற்றுப்போன காரியத்தைச் செய்தவரே எழுதிய கணக்கு அது. வாசகர் அதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், அதற்குப் பின்னிணைப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் மூலம் எது என்ற விவரம் இருக்க வேண்டும்.

‘இழப்பு’ விஷயத்துக்கு வருகிறேன். 488 விமானம் போனது என்று எல்லா நூலிலும் இருக்கும். அதில் 266 யுங்கர்ஸ் 52, 165 ஹைங்கல் 111 குண்டுவீச்சு விமானம். அதே 488-ஐ இன்னொரு விதமாகப் பிரித்தால், அழிந்தவை 166, காணாமல் போனவை 108, பழுது பார்க்க முடியாதவை என்று கழித்துக்கட்டப்பட்டவை 214. அந்த 214-ஐப் பாருங்கள். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சுட்டு வீழ்த்திய சோவியத் வீரத்தை மட்டும் பேசும் நூலும் பனியை மட்டும் குறை சொல்லும் நூலும் இந்த ஒரு பிரிவினையைக் காட்டாததால்தான் தப்பித்துக்கொள்கின்றன. பொது உரையில் 488 என்று ஒரு வரியில் போய்விடலாம். ஆர்வலர் அந்த மூன்று எண்ணையும் தேடித்தான் பக்கத்தைப் புரட்டுவார்.

எதிர்த்தரப்புக் கணக்கோடு ஒப்பிடுவதும் அங்கேதான் நடக்க வேண்டும். தாத்சின்ஸ்காயா ஓடுதளத்துக்குள் ஜெனரல் பதானோவின் 24-ஆம் டாங்கிப் படை புகுந்தபோது முன்னூறுக்கும் மேற்பட்ட விமானங்களை நொறுக்கியதாகச் சோவியத் தரப்பு அறிவித்தது. ஜெர்மானியப் பதிவில் அன்று இழந்தவை அதில் பாதிகூட இல்லை. 124 விமானங்கள் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே எழும்பித் தப்பின. தன் வெற்றியைக் கூட்டிச் சொல்வது எல்லாப் படைகளுக்கும் உள்ள வழக்கம்தான். 1940 செப்டம்பர் 15-இல் 185 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது, உண்மையில் ஜெர்மானியர் இழந்தது ஏறக்குறைய 60. இரு தரப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நீங்கள் எதுவும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கடிகாரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். 1942 டிசம்பரில் பெர்லின் நேரத்துக்கும் மாஸ்கோ நேரத்துக்கும் இரண்டு மணி வித்தியாசம். ஜெர்மானியர் ஐந்தரை மணி வாக்கில் என்று எழுதும் அதே தாக்குதலைச் சோவியத் குறிப்பு ஏழரை மணி என்று எழுதும். இரண்டையும் மாற்றாமல் கோத்தால், நடக்காத இரண்டு மணிநேரச் சண்டை உங்கள் நூலில் நடந்துவிடும். பசிபிக் போரில் இது இன்னும் மோசம். மிட்வே கடற்போரில் ஜப்பானியக் கப்பல்கள் டோக்கியோ நேரத்தில் குறிப்பு எழுதின, அமெரிக்கர்களோடு 21 மணிநேர வித்தியாசம். ஜூன் 4 சண்டை ஜப்பானியப் பதிவில் ஜூன் 5. நூலின் முதல் பக்கங்களிலேயே “எல்லா நேரமும் இன்ன நேரப்படி” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சின்ன இறக்கை

நான் விமான மாதிரிகள் செய்பவன். என்னைப் போன்றவர்கள் இந்த நூல்களின் பெரிய வாசகர் கூட்டம். பதிப்பகத்தார் எங்களைக் கணக்கில் எடுப்பது குறைவு.

அட்டையில் டைகர் போட்டால் நூல் அன்றே செத்தது. ஸ்டாலின்கிராட் சுற்றிவளைப்புக்குள் டைகர் டாங்கி ஒன்றுகூட இல்லை. அந்த டாங்கி முதலில் களமிறங்கியதே 1942 ஆகஸ்டில் லெனின்கிராட் பக்கம்தான். விஷயம் தெரிந்தவர் அட்டையைப் பார்த்ததும், அட்டையிலேயே இப்படியென்றால் உள்ளே எப்படியிருக்கும் என்று நினைப்பார். பொது வாசகரை இழுக்கப் போய், நூலைப் பத்துப் பேருக்குச் சொல்லி விற்றுக்கொடுக்கும் வாசகரை இழக்கிறார்கள். வெள்ளையடித்த யுங்கர்ஸ் 52, மூன்று எஞ்சின், நெளிநெளித் தகரம், பனியில் சக்கரம் புதைந்து நிற்பது. இதைவிட நல்ல அட்டை கிடைக்குமா?

உள்ளே இருக்கும் புகைப்படங்களின் குறிப்புரைக்கு ஒரு வேண்டுகோள். ‘ஸ்டாலின்கிராட், 1942’ என்று மொட்டையாகப் போடாதீர்கள். இடம், மாதம், விமானத்தின் வகை, தெரிந்தால் பிரிவு. அதே ஆண்டு தொடக்கத்தில் இதேபோல் விமானத்தில் சரக்கு போன இன்னொரு சுற்றிவளைப்பான தெம்யான்ஸ்கில் எடுத்த படம் ஸ்டாலின்கிராட் என்ற பெயரில் சுற்றுவது சகஜம், இரண்டிலும் பனி, இரண்டிலும் யுங்கர்ஸ். உடற்பகுதி எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும், அந்தப் பிரிவு அந்த மாதம் எங்கே இருந்தது என்று தேடினால் இடம் தெரிந்துவிடும். இந்த வேலையை எங்கள் ஆட்கள் சந்தோஷமாகச் செய்துகொடுப்பார்கள்.

புகைப்படம் தானே சாட்சி என்று எடுத்துக்கொள்வதும் கூடாது. பெர்லின் நாடாளுமன்றக் கட்டடமான ரெய்ஷ்டாக் உச்சியில் செங்கொடி ஏற்றும் படம் உலகத்துக்கே தெரியும். யெவ்கெனி கால்தேய் அதை 1945 மே 2-இல் ஏற்பாடு செய்து எடுத்தார், பின்னால் புகையைக் கூட்டினார், ஒரு வீரரின் கையிலிருந்த இரண்டாவது கடிகாரத்தை அழித்தார். இதையெல்லாம் குறிப்புரையில் சொன்னால் படத்தின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஆவணக்காரி

புகைப்பட உரிமை பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலர் கடைசி நேரத்தில் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மானியக் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008-இல் ஏராளமான படங்களை விக்கிமீடியாவுக்குக் கொடுத்தது. மூலத்தையும் எடுத்தவரையும் குறிப்பிட்டு, அதே உரிமத்தின்படி பயன்படுத்தலாம். அமெரிக்க அரசுப் பணியாளர் பணியின்போது எடுத்தவை அங்கே பொதுவுடைமை. பிரிட்டனில் 1957 ஜூனுக்கு முன் எடுத்த அரச உரிமைப் புகைப்படங்களுக்குக் காலம் முடிந்துவிட்டது, ஆனால் தெளிவான பிரதி வேண்டுமென்றால் வைத்திருக்கும் நிறுவனம் கட்டணம் கேட்கும். சோவியத் படங்களில்தான் கவனம் வேண்டும். பெரும் தேசபக்தப் போரில் (ரஷ்யாவில் இந்தப் போருக்கு அதுதான் பெயர்) பணியாற்றியவர்களின் படைப்புகளுக்கு ரஷ்யச் சட்டம் வழக்கமான காலத்துக்கு மேல் நான்கு வருடம் கூடுதலாகத் தருகிறது.

எழுத்து ஆவணங்களுக்கு ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பாமியத் நரோதா தளம் இருக்கிறது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் அப்படியே படமாக்கப்பட்டுக் கிடைக்கின்றன. ஜெர்மானியத் தரப்பை மட்டும் வைத்துக் கிழக்குப் போர்முனையை எழுதுவதற்கு இனி ஒரு சாக்கும் இல்லை.

சாட்சி

எல்லாரும் வரைபடம், எண், விமான எழுத்து என்று பேசுகிறீர்கள். எனக்கு வேறொரு கேள்வி.

நூல் நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்குகிறது என்கிறீர்கள். அப்படித் தொடங்கினால் ரிச்ட்ஹோஃபனின் 4-ஆம் வான்படை, பட்டினி கிடப்பவர்களுக்கு ரொட்டி கொண்டுபோகப் போராடும் படையாகத்தான் வாசகருக்கு அறிமுகமாகும். அதே வான்படைதான் ஆகஸ்ட் 23-இல் ஸ்டாலின்கிராட் நகரத்தைக் குண்டு போட்டு எரித்தது. உள்ளே மக்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். தொடக்கத் தேதியை எங்கே வைக்கிறீர்கள் என்பதிலேயே வாசகர் யாருக்காக வருந்துவார் என்பது முடிவாகிவிடுகிறது.

அந்த 117 டன் யாருக்குப் போனது என்பதும் வேண்டும். வளையத்துக்குள் ருமேனியர் இருந்தார்கள், குரோவாசியர் இருந்தார்கள். ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த சோவியத் கைதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உணவு சுருங்கியபோது முதலில் கைவிடப்பட்டவர்கள் அந்தக் கைதிகள்தான், பெரும்பாலோர் பசியில் செத்தார்கள். பின்னால் சுமார் 91,000 ஜெர்மானியக் கூட்டணி வீரர்கள் சிறைப்பட்டு ஐந்தாறாயிரம் பேரே திரும்பினார்கள் என்பது எல்லா நூலிலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். சோவியத் கைதிகள் பற்றிப் பல நூல்களில் ஒரு வரிகூட இருக்காது. இதெல்லாம் ‘தொழில்நுட்ப’ நூலுக்குத் தேவையில்லை என்று ஒதுக்குவது இந்த வகைப் பதிப்பில் பழைய நோய். 1950-களில் ஜெர்மானியத் தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளில் தொடங்கியது. எல்லாத் தவறும் ஹிட்லருடையது, நாங்கள் சுத்தமான தொழில்முறை வீரர்கள் என்ற அந்தப் பாட்டையே ஆர்வலர் நூல்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவிட்டன.

பகடை

சாட்சி அவர்களே, நீங்கள் சொன்ன ஒவ்வொரு உண்மையையும் ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நூலில் திணிக்க முடியாது. நான் போர் விளையாட்டுப் பலகைகள் வடிவமைப்பவன், எனக்கு வேண்டியது குறுகலான, ஆழமான நூல். பொருளை அகலப்படுத்தச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ நல்ல கையெழுத்துப் பிரதிகள் முழுப் போர் வரலாறாக வீங்கி, முடியாமலே நின்றுபோயிருக்கின்றன.

ஆஸ்ப்ரே பதிப்பகத்தைப் பாருங்கள். 1960-களின் கடைசியில் ஒரு தேயிலை நிறுவனத்தின் கிளையாக, பொட்டலத்தில் வைத்துக் கொடுத்த விமானப் பட அட்டைகளிலிருந்து பிறந்த யோசனை அது. 48 பக்கம், எட்டு வண்ணப் பக்கம், ஒரு படை அல்லது ஒரு சீருடை. அந்தக் கட்டுப்பாட்டால்தான் அரை நூற்றாண்டாக நிற்கிறது.

சாட்சி

பகடை, நான் அகலப்படுத்தச் சொல்லவில்லை. இவர் நூலின் பொருளே உணவுதான். எத்தனை டன் வந்தது என்று எண்ணுபவர், யார் தட்டில் விழவில்லை என்றும் எண்ண வேண்டும். அது அதே ஆழம்தான், அதே குறுகல்தான். சீருடையை மட்டும் பேசும் 48 பக்க நூல்களில், அந்தச் சீருடை அணிந்தவன் என்ன செய்தான் என்பதற்கு இரண்டு பத்தி ஒதுக்க இடமில்லாமல் போனதா என்ன?

பகடை

உணவுப் பங்கீடு என்ற அளவில் என்றால் சரி, அது நூலுக்குள்தான் வருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆகஸ்ட் குண்டுவீச்சு ஓர் அத்தியாயமாக வேண்டாம், முதல் அத்தியாயத்தில் வான்படையை அறிமுகம் செய்யும் இடத்தில் இரண்டு பக்கம் போதும்.

பழைய சிப்பாய்

சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒன்று மட்டும் கேட்கிறேன், தம்பி. பறந்ததைப் பற்றி எழுதியிருப்பீர்கள். இறக்கியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களா?

ஒரு யுங்கர்ஸில் சுமார் இரண்டு டன். 300 டன் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 150 முறை இறங்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே பகல் எட்டு மணிநேரம். விளக்கெரித்து இரவும் இறக்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் ஓடுதளத்திலிருந்து ஒதுக்கி, மூட்டை இறக்கி, காயம்பட்டவர்களை ஏற்றி, திருப்பி அனுப்ப எத்தனை நிமிடம்? இறக்குபவன் எட்டு வாரமாக அரை வயிறு. பீப்பாயை உருட்ட அவனுக்குத் தெம்பு இருக்குமா? இறங்கிய மூட்டையைப் படையிடம் கொண்டுபோக லாரிக்கு எரிபொருள் எங்கே? குதிரையைத் தின்றாகிவிட்டது. விமானம் இறங்கிய டன்னும் வீரன் வாய்க்குப் போன டன்னும் ஒன்றல்ல. இதைத் தளபதிகள் எழுதிய நூல்களில் பார்க்க முடியாது, அவர்கள் மூட்டை தூக்கியதில்லை.

பிதோம்னிக் ஜனவரி 16-இல் போனது, சில நாளில் உள்ளே இருந்த இன்னொரு ஓடுதளமான கும்ராக்கும் போனது. அதற்கப்புறம் பாராசூட்டில் போட்டார்கள். பனிக்குள் விழுந்த பொதியைத் தேடி எடுக்கவும் ஆள் வேண்டும். அந்த டன்னையும் சராசரியில் சேர்த்திருப்பார்கள். பிரித்துக் காட்டுங்கள்.

பழுப்பு ஏடு

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

பழைய சிப்பாய் ஐயா, ஓடுதளத்தில் சரக்கு இறக்கும் வேலைக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி நிமிடக் கணக்காக யோசிக்கவில்லை. இறங்கிய டன், விநியோகமான டன், பாராசூட்டில் போட்டது மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதப்போகிறேன். தெம்யான்ஸ்க் ஒப்பீடும் அங்கேயே வரும். 1942-இன் முதல் மாதங்களில் அங்கே சுமார் ஒரு லட்சம் பேரை விமானத்தாலேயே தாங்கிப் பிடித்தார்கள், அந்த நம்பிக்கையில்தான் இரண்டரை லட்சம் பேருக்கும் முடியும் என்று நினைத்தார்கள்.

சாட்சி, ஆகஸ்ட் 23 முதல் அத்தியாயத்துக்குள் வருகிறது. கைதிகள் முகாமின் உணவுப் பங்கீட்டை ஜெர்மானியப் பிரிவுகளின் பங்கீட்டோடு ஒரே பட்டியலில் வைக்கிறேன். தனி அத்தியாயமாக ஒதுக்கினால் தாண்டிப் போய்விடுவார்கள். பட்டியலுக்குள் இருந்தால் தாண்ட முடியாது.

பதிப்பகத்துக்கு அச்சகத்தான் சொன்னபடி ஃபாரம் கணக்குப் போட்டு அனுப்பினேன். பின்னிணைப்புக்குச் சம்மதித்துவிட்டார்கள், சிறிய எழுத்தில் பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசையாக அடுக்கினால் மிச்சப் பக்கத்துக்குள் அடங்குகிறது. வரைபடம் ஆறு என்கிறார்கள். டைகரை விடவே மாட்டேன் என்கிறார்கள்.

திசைகாட்டி

ஆறுக்கு இறங்காதீர்கள். டைகர் அட்டையோடு வரும் நூலில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. முன்வெளியீட்டுக்கே போங்கள், இதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. வாட்டர்லூ போருக்குப் பின் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அந்தப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்யக் கிளம்பினார். போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, இன்ன நேரத்தில் உங்கள் பிரிவு எங்கே நின்றது, எதிரே யார், வயலில் என்ன பயிர் என்று கேட்டார். பாதியில் அரசு பணத்தை நிறுத்தியது. கடன்பட்டு முடித்து 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். துணைக்கு வந்த பிரஷ்யப் படை எந்த இடத்தில் எப்போது வந்தது என்பதில் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் பக்கத்தவர்களோடு அவருக்குப் பெரிய சிக்கல். 1844-இல் அவர் எழுதிய வரலாறு வந்தது, பதில் கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891-இல் வெளியிட்டார். இன்றைக்கும் வாட்டர்லூ பற்றி எழுதுபவர் அந்தக் கடிதங்களைத் தொடாமல் எழுத முடியாது. அந்த அதிகாரிகளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் அந்த மனிதரின் பெரிய சாதனை.

மிட்வே பற்றி நாம் இன்று நம்பும் கதையை மாற்றியதும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இல்லை. ஜப்பானிய விமானந்தாங்கிகளின் பறப்புப் பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டிய இரண்டு ஆர்வலர்கள். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் தாக்குதல் விமானங்கள் எழும்பியிருக்கும் என்று ஜப்பானியக் கடற்படை விமானி ஃபுசிதா எழுதியதை உலகமே நம்பியது. தளத்தில் அப்படி அணிவகுத்து நிற்க நேரமே இருந்திருக்க முடியாது என்று 2005-இல் வெளிவந்த அவர்கள் நூல் காட்டியது. விமானத்தைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே கொண்டுவர எத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்குத்தான் அதில் முக்கியமான ஆதாரம். பழைய சிப்பாய் ஐயா கேட்ட அதே வகைக் கேள்வி.

அச்சகத்தான்

முன்வெளியீடு என்றால் இரண்டு விஷயம். பொருளடைவை இறுதிப் பக்க அமைப்புக்குப் பிறகுதான் செய்ய வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கிவிட்டுத் தேதி அறிவியுங்கள். ஆட்பெயர், ஊர், படைப்பிரிவு மூன்றும் அதில் இருக்கட்டும். போர் வரலாற்று வாசகர் நூலை ஒரு முறை படித்து, பிறகு பொருளடைவு வழியாகப் பத்து முறை உள்ளே வருவார். அடுத்து, மெய்ப்பு பார்க்கும்போது உரைக்கு ஒருவர், எண்களுக்கு ஒருவர், வரைபடத்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே ஆள் மூன்றையும் பார்த்தால் எண்கள்தான் தப்பிப்போகும்.

பழுப்பு ஏடு

பதிப்பகத்துக்கு நன்றி சொல்லி விலகிவிட்டேன். முன்வெளியீடுதான். பதினொரு வரைபடம், முழுப் பின்னிணைப்பு, அட்டையில் பிதோம்னிக் பனியில் நிற்கும் யுங்கர்ஸ். எண்களை ஆவணக்காரியும், குறிப்புரைகளைச் சின்ன இறக்கையும் பார்த்துத் தருவதாகத் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார்கள்.

திசைகாட்டி, உரையில் வரும் ஊர்ப் பெயர்கள் அத்தனையும் அகரவரிசையில் எடுத்து, எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டான் ஆற்று வளைவுக்கு மேற்கே உள்ள சில ரயில் நிலையங்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. ஐந்தாம் வரைபடத்தை மேற்கே கொஞ்சம் நீட்டினால் எல்லாம் உள்ளே வரும், ஆனால் அளவு சிறுத்து பால்காக்கள் தெரியாமல் போகும். நீட்டட்டுமா, பன்னிரண்டாவதாக ஒன்று போடட்டுமா?

திசைகாட்டி

பன்னிரண்டாவது போடுங்கள்.